துட்டி வீட்டில் சொன்னது

துட்டி கேட்கப் போன சாவு வீட்டிலிருந்து கிளம்பும்போது "போயிட்டு வாரேன்" என்று சொல்லக் கூடாது. எழுந்து பேசாமல் வந்துவிட வேண்டும். எங்கள் பக்கத்தில் சின்னப் பிள்ளைக்கும் இது தெரியும். நானோ புருசனைப் பறிகொடுத்து வாரம்கூட ஆகாத என் அக்காவிடம், "திங்கக்கிழமை டப்பாவோட வாரேன்க்கா" என்று சொல்லிவிட்டு வந்தவள். டப்பாவில் இருந்தது புரோட்டீன் பவுடர். இத்தனைக்கும் அவள் யாரோ இல்லை, என் பெரியம்மா மகள். சின்ன வயதில் எனக்குத் தலை சீவி ரிப்பன் கட்டிவிட்டவள்.

நான் திண்டுக்கல்லில் வாடகை வீட்டு முன்னறையில் மிஷின் போட்டு ஜாக்கெட் தைக்கிறேன். அளவு ஜாக்கெட்டை வாசலில் நின்றே நீட்டி, வெள்ளிக்கிழமைக்குள் வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போகிறவர்கள்தான் எனக்கு வாடிக்கை. ஒரு அம்மா மட்டும் உள்ளே வந்து நாற்காலியில் உட்கார்ந்து பேசினார். முன்பு எங்கேயோ டீச்சராக இருந்தவராம். இப்போது அந்தப் பவுடர் கம்பெனியில் பெரிய ஆள். பேச்சுக்குப் பேச்சு என்னை "மேடம்" என்று கூப்பிட்டார். நாற்பது வயதுவரை யாரும் என்னை அப்படிக் கூப்பிட்டதில்லை. பவுடரைப் பற்றி அவர் சொன்ன எதுவும் எனக்கு மண்டையில் ஏறவில்லை. அந்த ஒரு வார்த்தைக்கு விழுந்து, பவுடர் விற்க நானும் சேர்ந்தேன். அற்பம்தான், வேறென்ன சொல்ல.

ஞாயிற்றுக்கிழமைதோறும் கூட்டம். ஒரு பிரியாணிக் கடைக்கு மேலே உள்ள மாடி ஹாலில் நடக்கும். கீழே தம் உடைக்கிற வாசம் படியேறி வரும். மேலே நாங்கள், இட்லிக்குப் பதிலாகப் பவுடரைக் கரைத்துக் குடித்து இளைத்தவர்களின் கதையைக் கேட்டுக் கை தட்டிக்கொண்டிருப்போம். கூட்டம் முடிந்ததும் பாதிப் பேர் கீழே இறங்கி அரை பிளேட் சாப்பிடுவார்கள். ஒருவரை ஒருவர் பார்த்தாலும் பார்க்காத மாதிரி இருந்துகொள்வோம்.

அந்த வாரம் பவுடர் வாங்கப் புது ஆள் சேர்த்தவர்கள் மேடையேறி பேட்ஜ் வாங்குவார்கள். சேர்க்காதவர்கள் உட்கார்ந்த இடத்திலேயே எழுந்து நிற்க வேண்டும். ஒருத்தரும் திட்ட மாட்டார்கள். டீச்சரம்மா மைக்கில் சிரித்துக்கொண்டே, "ஆள் இல்லையா மேடம், மனசு இல்லையா?" என்று கேட்பார். மனசு இல்லை என்றுதான் பதில் சொல்ல வேண்டும். ஆள் இல்லை என்று சொன்னால் திரும்பவும் கேட்பார். சொல்லி முடித்ததும் மொத்த ஹாலும் ஆறுதலாகக் கை தட்டும். அந்தக் கைதட்டலுக்கு நாலு அறை வாங்கியிருக்கலாம். நான் தொடர்ந்து சில வாரங்கள் அப்படி நின்றேன். என் பக்கத்தில் வழக்கமாக உட்காருகிற பூ மார்க்கெட் அம்மா, கையிலிருந்த பையை எடுத்துக்கொண்டு வேறு வரிசைக்குப் போய்விட்டார். நிற்கிறவள் பக்கத்தில் உட்கார்ந்தால் நமக்கும் அது ஒட்டிக்கொள்ளும் என்று அங்கே ஒரு பேச்சு உண்டு. எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. வேலையற்ற வேலை, வேண்டாம் என்று இறங்கிப் போயிருக்கலாம். போகவில்லை. ஒரு நாளாவது மேடையேறி எல்லார் முகத்திலும் கரியைப் பூச வேண்டும் என்றுதான் தோன்றியது.

எங்கே போய் ஆள் பிடிப்பது என்பதற்கும் டீச்சரம்மாவிடம் பாடம் இருந்தது.

"கல்யாண வீட்டுல நகையப் பத்திப் பேசுவாங்க. துட்டி வீட்டுலதான் உடம்பப் பத்திப் பேசுவாங்க" என்று ஒரு நாள் சொன்னார். இழப்பிலிருந்து பேச்சை ஆரம்பிக்க வேண்டுமாம். ஹாலில் ஒருவரும் முகம் சுளிக்கவில்லை. நானும் தலையாட்டினேன்.

அந்த மாதம்தான் மாமா இறந்தார். அக்காவின் வீட்டுக்காரர். வத்தலக்குண்டு பக்கத்துக் கிராமம், சொந்தமாக ஒரு லோடு வண்டி வைத்துத் தக்காளி ஏற்றிக்கொண்டிருந்தார். ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டில் வண்டியை நிறுத்திவிட்டு டீ வாங்கிக் கையில் பிடித்தவர், அப்படியே சரிந்துவிட்டார். ஐம்பது வயதுகூட ஆகவில்லை. செய்தி கேட்டு ஓடியபோது நான் அழுத அழுகை நிஜம். அக்காவைக் கட்டிக்கொண்டு தொண்டை கட்டும்வரை அழுதேன். இதை எனக்குச் சாதகமாகச் சொல்லவில்லை. நிஜமாக அழுதவள்தான் சில நாள் கழித்துக் கைப்பையில் கம்பெனி நோட்டீஸை மடித்து வைத்துக்கொண்டு அதே வீட்டுக்கு மறுபடி பஸ் ஏறினாள்.

அதற்குச் சில மாதம் முன்பு ஒரு தடவை அவர்கள் வீட்டுக்குப் பவுடர் கொண்டுபோயிருந்தேன். மாமாவுக்குப் பிரஷர் இருந்தது. டப்பாவைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். வாங்கிக்கொள்கிற எண்ணம் இருந்தது மாதிரிதான் தெரிந்தது. அக்கா, "இந்த மாவுக்கா இம்புட்டுக் காசு, பிள்ளைக்குக் காலேஜ் பீஸ் கட்ட வேண்டாமா" என்று சொல்ல, அவரும் சிரித்துக்கொண்டே திருப்பிக் கொடுத்துவிட்டார். அவ்வளவுதான் நடந்தது. அன்று எனக்குச் சாப்பாடு போட்டுத்தான் அனுப்பினார்கள்.

நோட்டீஸோடு நான் போன அன்று, துட்டி வீட்டில் அக்கா சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். அவள் மகள், காந்திகிராமத்தில் ஹாஸ்டலில் தங்கிப் படிக்கிறவள், அம்மா மடியில் தலை வைத்துப் படுத்திருந்தாள். சுற்றிலும் சொந்தக்காரப் பெண்கள். பேச்சு டீச்சரம்மா சொன்னது போலவே உடம்புக்கு வந்தது. ராத்திரி புரோட்டா திங்காதே என்றால் கேட்டாரா என்று அக்கா சொல்லி அழுதாள். கம்பெனியில் மாசக் கணக்கு முடிய இரண்டு நாள்தான் இருந்தது. நான் அக்காவின் கையை எடுத்து என் மடியில் வைத்துக்கொண்டு சொன்னேன்.

"அன்னிக்கே வாங்கிக் குடுத்திருந்தா மாமா இன்னிக்கி இருந்திருப்பாருக்கா."

மகள் மடியிலிருந்து தலையைத் தூக்கினாள். என்னைப் பார்க்கவில்லை, அம்மாவைப் பார்த்தாள். அக்காவின் அழுகை நின்றுவிட்டது. அவள் கை என் மடியில் கிடந்தது, நான் அதைத் தடவிக்கொடுத்துக்கொண்டே பிள்ளையாவது நல்லா இருக்கணும் என்று அடுத்த பாடத்தையும் ஒப்பித்தேன். அக்கா எழுந்து போய், துட்டிக்கு வந்தவர்கள் அவள் கையில் வைத்துவிட்டுப் போயிருந்த பணத்தில் கொஞ்சத்தை எண்ணாமல் என்னிடம் கொடுத்தாள். அப்போதுதான் நான் திங்கட்கிழமை வருவதாகச் சொன்னது. பக்கத்திலிருந்த ஒரு வயதான அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தார். அந்தப் பார்வைக்கு அர்த்தம் தெரியாமல் இல்லை, பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை மேடையேறினேன். எப்படிப் பேசினீர்கள், எல்லாருக்கும் சொல்லுங்கள் மேடம் என்று டீச்சரம்மா மைக்கைக் கொடுத்தார். அந்த வாக்கியத்தை அப்படியே சொன்னேன். ஹால் எழுந்து நின்று கை தட்டியது. மேடையை விட்டு இறங்கியதும் பூ மார்க்கெட் அம்மா வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு, துட்டி வீட்டில் பேசத் தனக்கு வாய் வராமல் இருந்தது, இனிமேல் வரும் என்றார். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. இதை மறைத்துவிட்டு மற்றதையெல்லாம் எழுதினால் நான் எழுதுவதே பொய். அன்று நான் சந்தோஷமாக இருந்தேன், கீழே இறங்கி ஒரு முழு பிளேட் பிரியாணி சாப்பிட்டேன்.

இரண்டாவது டப்பா கொண்டுபோன அன்று அக்கா தனியாக இருந்தாள். மாமா படத்துக்கு முன்னால் விளக்குப் பக்கத்தில் ஒரு டம்ளர் இருந்தது. பால் என்று நினைத்தேன். கிட்டப் போனபோது வெனிலா வாசனை அடித்தது. தினமும் காலையில் கரைத்து வைக்கிறாளாம். சாயங்காலம் எடுத்து வாழை மரத்தடியில் ஊற்றிவிடுவாளாம்.

"உசுரோட இருக்கையில குடுக்கலைல" என்றாள்.

நான் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். அக்கா பாட்டுக்குச் சொல்லிக்கொண்டிருந்தாள். மகள் சனிக்கிழமை வீட்டுக்கு வருவதை நிறுத்திவிட்டாளாம். எப்போதாவது வந்தாலும் ஹாஸ்டலிலேயே சாப்பிட்டுவிட்டேன் என்று சொல்லித் தண்ணீர்கூடக் குடிப்பதில்லையாம். ஒரே ஒரு தடவைதான் வாயைத் திறந்து கேட்டாளாம், அப்பாவைவிட என் காலேஜ் பீஸா முக்கியம் என்று. அக்கா இதில் எதையும் என் மேல் பழியாகச் சொல்லவில்லை. தன் குற்றத்தை எனக்குச் சொல்லி அழுதாள்.

"அக்கா, நான் சொன்னது பொய்" என்றேன். அது வெறும் சோயா மாவும் பால் பவுடரும். மாமா போனதற்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. நூறு டப்பா குடித்திருந்தாலும் போயிருப்பார். எல்லாவற்றையும் கொட்டினேன். எப்போதிலிருந்து தெரியும் என்று மட்டும் கேட்டாள். முதல் நாளிலிருந்தே தெரியும் என்றேன். முந்தானையை விரலில் சுற்றிக்கொண்டே சொன்னாள்.

"எங்கிட்டச் சொல்லி என்னடி செய்ய. அமாவாசைக்கு அவ வருவா. அவகிட்ட வந்து சொல்லு."

அமாவாசை வரையான நாட்களில் ஒரு ஜாக்கெட்கூட ஒழுங்காகத் தைக்கவில்லை. கழுத்தை மாற்றி வெட்டிப் பேச்சு வாங்கினேன். ஞாயிறு கூட்டத்துக்குப் போகவில்லை என்றதும் போன் மேல் போன் வந்தது. பிறகு கம்பெனி வாட்ஸ்அப் குரூப்பிலிருந்து என்னை எடுத்துவிட்டார்கள். பூ மார்க்கெட் அம்மாவைப் போய்ப் பார்த்து, அந்த வாக்கியத்தை யாரிடமும் சொல்லாதீர்கள் என்று கேட்டேன். ஏற்கெனவே இரண்டு வீட்டில் சொல்லியாகிவிட்டது, நல்ல பலன் என்றார். அந்த இரண்டு வீடுகள் எவை என்று கேட்க எனக்குத் தைரியம் இல்லை. இன்றுவரை கேட்கவில்லை.

அமாவாசை அன்று படையல் முடிந்ததும் அக்கா அடுப்படிக்குள் போய்விட்டாள். மகள் முன்னறையில் செல்போனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் எதிரில் உட்கார்ந்து, வழியெல்லாம் மனப்பாடம் செய்து வந்ததைச் சொன்னேன். பாதியில் தடுமாறி மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தேன். அவள் செல்போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு முழுவதையும் கேட்டாள்.

"அப்ப ஏன் சித்தி அன்னிக்கி அப்படிச் சொன்னீங்க?"

டீச்சரம்மாவைச் சொல்லலாம். ஹாலைச் சொல்லலாம், எழுந்து நின்றதைச் சொல்லலாம். எல்லாம் வாய்வரை வந்தது. ஆனால் அந்த வீட்டில் கையைப் பிடித்துப் பேசியது நான்தான், அப்போது என் தலைக்குள் ஓடிக்கொண்டிருந்ததும் எனக்குத் தெரியும்.

"அன்னிக்கி மாசக் கடைசி பாப்பா. எனக்கு ஒரு ஆள் கொறஞ்சுச்சு."

அவள் தலையாட்டினாள். கணக்கு விளங்கிவிட்டது போல, அவ்வளவுதான். உள்ளே பாத்திரச் சத்தம் நின்றிருந்தது.

"சாப்பிட வாடி" என்று அக்கா அடுப்படியிலிருந்து கூப்பிட்டாள். மகள் எழுந்து உள்ளே போனாள். இரண்டு தட்டு எடுக்கிற சத்தம் கேட்டது. மீட்டர் பார்க்க வருகிறவரைக்கூடச் சாப்பிடச் சொல்லாமல் அனுப்பாதவள் என் அக்கா. நான் கொஞ்ச நேரம் உட்கார்ந்து பார்த்தேன். பிறகு செருப்பை மாட்டிக்கொண்டு பஸ் ஸ்டாப்புக்கு நடந்தேன்.