லாபத்தில் தொடங்கிய எண்ணிக்கை

என் வீட்டுக்காரர் வாயில் ஒன்று என்ற எண் வராது. பட்டுப்புடவையை எண்ணினாலும் இட்லியை எண்ணினாலும் முதலாவது லாபம்தான். அப்புறம்தான் ரெண்டு, மூணு. ஆரணியில் தறி வைத்திருக்கிறவர்களில் பாதிப் பேர் அப்படித்தான். ஆனால் அந்தப் பழக்கம் ஒருநாள் என் வேலைக்கே உலை வைக்கப் பார்த்தது.

பார்வையில்லாத பிள்ளைகளுக்காகப் பாடப்புத்தகங்களைப் படித்துப் பதிவு செய்துதர, சென்னையில் ஓர் அமைப்பு ஆள் தேடியது. வீட்டிலிருந்தே செய்யலாம். முதலில் மாதிரிக்கு ஐந்து நிமிடம் படித்து, சிடியில் போட்டு, அந்தச் சனிக்கிழமை சாயங்காலக் கூரியரில் அனுப்ப வேண்டும்; குரல் பிடித்தால்தான் வேலை. கல்யாணமாகி ஒன்பது வருஷத்தில் எனக்கென்று நான் ஆசைப்பட்ட முதல் காரியம் அது.

செய்யாறில் கம்பெனி வேலைக்குப் போகும் என் தம்பி, பழைய கம்ப்யூட்டர் ஒன்றில் விண்டோஸுக்குப் பதில் இலவசமாகக் கிடைக்கும் லினக்ஸ் போட்டுக் கொடுத்திருந்தான். மைக் செருகுகிற சவுண்டு பெட்டி ஒன்றும் வாங்கித் தந்திருந்தான். சனிக்கிழமை காலையில் அதை இணைத்தேன். நான் பேசப் பேசப் பெட்டியில் பச்சை விளக்கு மினுக்கியது. திரையில் குரலுக்கேற்ப ஆட வேண்டிய கோடு மட்டும் ஆடாமல் அசையாமல் நேராகப் போனது. கேபிளைப் பிடுங்கிச் செருகி, அதே பாடத்தை மூன்று முறை படித்தேன். ஓட்டிக் கேட்டால் ஒரு சத்தமும் இல்லை.

தம்பிக்கு போன் போட்டேன். டீ இடைவேளை, பத்து நிமிஷம்தான் என்றான்.

"கம்ப்யூட்டர் உள்ளயே ஒரு சவுண்டு கார்டு கீதுக்கா. அது அதையேதான் கேட்டுகினு இருக்குது. நம்ம பெட்டிய கேக்கச் சொல்லணும்."

அவன் எழுத்தெழுத்தாகச் சொன்ன கட்டளையைத் தட்டினேன். கம்ப்யூட்டரில் இருக்கும் சவுண்டு கார்டுகளின் பட்டியல் திரையில் வந்தது. போன் வீட்டுக்காரர் கையில் இருந்தது.

"மாமா, நம்ம பெட்டி எத்தினாவது நம்பரு? ஜல்தி சொல்லுங்க" என்றான் தம்பி.

அவர் திரையில் விரல் வைத்தார். "லாபம், ரெண்டு… ரெண்டு மச்சான்!"

தம்பி சொன்ன கோப்பில் ரெண்டு என்றே போட்டேன். இப்போது பதிவே தொடங்கவில்லை. அப்படி ஒரு கருவியே இல்லை என்றது கம்ப்யூட்டர். தம்பியின் இடைவேளையும் முடிந்து அவன் போனை அணைத்துவிட்டான்.

"பேஜாரா கீதே" என்றார் இவர். எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. "நவுருங்க, நானே பாத்துக்கறேன்" என்று அந்தப் பட்டியலை முதலிலிருந்து படித்தேன். முதல் வரியில் கார்டு 0 என்றிருந்தது. அடுத்த வரியில் எங்கள் பெட்டியின் பெயர், அதற்கு முன்னால் 1.

"ஏங்க, இது சைபர்லேந்து எண்ணுதுங்க!"

"சைபரா? வெறுங்கையோடயா ஆரம்பிக்கும்? வெளங்கனாப்லதான்."

ரெண்டை அழித்து ஒன்று போட்டேன். பேசியதும் கோடு துள்ளியது. பாடத்தை நிதானமாகப் படித்து முடித்து ஹெட்போனில் கேட்டேன். என் குரல் கரகரப்பு என்று பள்ளிக்கூடத்தில் சொல்வார்கள், நானும் நம்பியிருந்தேன். அது தெளிவாக, நன்றாகவே இருந்தது. சந்தோஷத்தில் கண் கலங்கிவிட்டது.

வீட்டுக்காரரும் வாங்கி மாட்டிக்கொண்டார். முழுதும் கேட்டுவிட்டுத்தான் கழற்றினார்.

"இந்தக் கொரல்லயா இத்தினி வருசமா என்கிட்ட சண்ட போட்டுகினு இருந்தே?"

சிடியைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு அவரே சைக்கிளில் கூரியருக்குப் போனார். பதினைந்து நாளில் எட்டாம் வகுப்பு வரலாற்றுப் புத்தகம் தபாலில் வந்தது, முழுதும் படித்து அனுப்பச் சொல்லி.