மேடையில் அவருக்கு இடமில்லை

எங்கள் தொகுதி எம்.பி. வராத தமிழ் விழா கனடாவின் ஸ்காபரோவில் அநேகமாகக் கிடையாது. சாமத்தியவீடோ, அரங்கேற்றமோ, கல்யாணமோ, தமிழ் தெரியாதவர் என்றாலும் "வணக்கம்" என்று கைகூப்பியபடி மண்டபத்துக்குள் நுழைவார். நாங்கள் பொன்னாடை போர்த்துவோம். அவர் பிரேம் போட்ட வாழ்த்துப் பத்திரம் ஒன்றை நீட்டுவார். படம் எடுப்பார்கள். சோறு வருமுன் அடுத்த மண்டபத்துக்குப் போய்விடுவார். என் தம்பியின் கல்யாணத்துக்கு அவர் தந்த பத்திரம் இன்றும் எங்கள் வீட்டு வரவேற்பறையில், சுவாமிப் படங்களுக்குச் சற்றுக் கீழே தொங்குகிறது.

ஆகவே என் கல்யாணம் முடிவானதும் அம்மா முதலில் கேட்டது நாளையோ மண்டபத்தையோ பற்றியல்ல. "எம்.பி.க்குச் சொல்லியாச்சோ?" என்றுதான்.

நான் கட்டவிருந்தது ஒரு பெண்ணை. நானும் பெண். அவள் மன்னார்ப் பக்கத்து வேதக்காரக் குடும்பம், நாங்கள் யாழ்ப்பாணத்துச் சைவம். அஜின்கோர்ட்டில் பல வருடங்களாக ஒன்றாகவே குடியிருந்தோம். இதை முதன்முதலில் சொன்னபோது அம்மா, "நான் கண்ணை மூடினாப் பிறகு என்னவாவது செய்" என்றார். பிறகு அப்பா இறந்துபோனார், அம்மா தனியானார். அம்மாவைக் கண் சத்திரசிகிச்சைக்குக் கூட்டிக்கொண்டு போனதும், வந்து சொட்டு மருந்து விட்டதும் அவள்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மா நண்டுக்கறியில் காலும் உடம்புமாக நல்ல துண்டுகளைப் பொறுக்கி அவளுக்கென்று எடுத்து வைத்தார். அதைப் பற்றி வீட்டில் வேறு பேச்சு எதுவும் நடக்கவில்லை.

ஆனால் வீட்டுக்குள் நண்டுக்கறி போடுவது வேறு, மண்டப வாசலில் நின்று சனத்தை வரவேற்பது வேறு. அம்மாவுக்குப் பயம். குறிப்பாக ஸ்ரௌவ்விலில் இருக்கும் பெரியம்மாவுக்குப் பயம். பெரியம்மா ஒரு கேள்வி கேட்டால் அது மறுநாளே குடும்பம் முழுக்கச் சுற்றிவிடும்.

"எம்.பி. மேடையில நிண்டால் ஒருத்தரும் வாய் திறக்க மாட்டினம், பிள்ளை" என்றார் அம்மா. "அவர் வந்தால் நானும் துணிஞ்சு வாசல்ல நிப்பன்."

சிக்கல் என்னவென்றால், எனக்கு ஞாபகசக்தி கொஞ்சம் அதிகம். ஒட்டாவாவில் ஓரினத் திருமணச் சட்டம் விவாதத்தில் இருந்த நாட்களில் இதே மனிதர் எங்கள் சங்க மண்டபத்துக்கு வந்தார். அப்போது நான் படித்துக்கொண்டிருந்தேன், அன்றைக்குத் தேநீர் கொடுப்பது என் வேலை. கல்யாணம் என்றால் ஆணும் பெண்ணும்தான், உங்கள் பண்பாடும் என் கொள்கையும் ஒன்று என்று பேசினார். மண்டபம் கை தட்டியது. முன்வரிசையில் அம்மாவும் தட்டினார். எம்.பி. ஒட்டாவா போய் எதிர்த்து வாக்களித்தார். நான் கையில் தேநீர்த் தட்டத்தோடு நின்றேன். அன்றைக்கு எனக்கு வந்த வெட்கமும் கோபமும் இப்போதும் அப்படியே இருக்கின்றன.

பிறகு சட்டம் வந்தது. சில வருடங்கள் அவர் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. அப்புறம், முடிந்த கதையை ஏன் கிளறுவான் என்றார். ஊர் மனம் மாற மாற அவர் குரலும் மாறியது. ஒரு கோடைகாலத்தில் வானவில் சால்வையோடு ஊர்வலத்தில் நடந்தார். கடைசித் தேர்தலுக்கு வந்த துண்டுப்பிரசுரத்தில் "எப்போதும் உங்கள் பக்கம்" என்று போட்டிருந்தது. அந்த "எப்போதும்" என்ற சொல்தான் எனக்குக் கோபத்தை ஏற்றியது. மனிதர் மாறுவது நல்லது. அம்மா மாறியிருக்காவிட்டால் எனக்கு இன்று அம்மாவே இல்லை. ஆனால் மாறியதை மறைத்துவிட்டு மேடையேறி, எங்கள் குத்துவிளக்கை ஏற்ற விட முடியாது என்று நான் முடிவெடுத்தேன்.

அவருடைய அலுவலகம் வோபர்னில், கொத்துரொட்டிக் கடைக்குப் பக்கத்தில். நேரம் கேட்டுவிட்டுப் போனேன். சந்தோஷமாகக் கை கொடுத்தார். அம்மா முன்பே அழைப்பு அனுப்பியிருந்ததால் வாழ்த்துப் பத்திரத்தை ஏற்கெனவே அடித்து வைத்திருந்தார்கள். எங்கள் இரண்டு பெயரும் பிழையில்லாமல் இருந்தன, அதைச் சொல்ல வேண்டும். இப்படியொரு தமிழ்க் கல்யாணத்துக்கு வருவது இதுதான் முதல் தடவை, தனக்குப் பெருமை, படம்பிடிப்பவரையும் கூட்டி வருகிறேன் என்றார்.

நான் ஒன்றே ஒன்று கேட்டேன். மேடையில் வாழ்த்துமுன், "அன்றைக்கு நான் இதை எதிர்த்தேன், இன்றைக்கு மனம் மாறி வந்திருக்கிறேன்" என்று ஒரு வசனம் சொல்ல முடியுமா?

சிரிப்பு அப்படியே இருந்தது, கண்தான் உதவியாளரைத் தேடியது. அது வேறு காலம் என்றார். உங்கள் சமூகம்தான் அப்படி வாக்களிக்கச் சொல்லிக் கேட்டது என்றார். அது சுட்டது, ஏனென்றால் பொய்யில்லை. அப்படியென்றால் அதையும் சேர்த்துச் சொல்லுங்கள் என்றேன். கல்யாண வீட்டில் எதற்கு அரசியல் என்றார்.

"அப்ப மேடை வேண்டாம். வந்து இருந்து சாப்பிட்டுவிட்டுப் போங்கள்" என்று ஆங்கிலத்தில் மரியாதையாகவே சொன்னேன். சில நாளில் உதவியாளர் அழைத்து, அன்றைக்கு அவருக்கு ஒட்டாவாவில் வேலை இருப்பதாகச் சொன்னார். எனக்கு வருத்தமில்லை.

நான் கேட்டதையும் அவர் மறுத்ததையும் அம்மாவுக்குச் சொன்னதுதான் கஷ்டம். வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தவர் கத்தியைக் கீழே வைத்தார்.

"வர இருந்த மனுசனை வர விடாமல் பண்ணிப்போட்டாய். இனி நான் எந்த முகத்தோட வாசல்ல நிக்கிறது?"

"உங்கட முகத்தோடதான், அம்மா."

"உனக்கு விசர்" என்று எழுந்து அறைக்குள் போய்விட்டார். அதற்குப் பிறகு கல்யாணத்தைப் பற்றி என்னோடு பேசவில்லை. சீலை எடுக்கக் கூப்பிட்டேன், முழங்கால் நோகுது என்றார். அவரைக் கெஞ்சுவதில்லை என்று பல்லைக் கடித்துக்கொண்டேன். ஆனால் மேடையில் அம்மா இல்லாமல் நிற்க வேண்டியிருக்குமோ என்று பயந்தேன். எம்.பி.யை மறுத்த வீம்புக்கு இதுதான் விலையென்றால் கொடுக்கத்தான் வேண்டும் என்றும் நினைத்தேன்.

கல்யாணத்தன்று மண்டபத்தின் உடுப்பு மாற்றும் அறையில் எனக்குத் தலைக்குப் பூ வைத்துக்கொண்டிருந்தார்கள். அந்த அறை வாசலுக்கு அருகிலேயே இருந்தது, கதவு சரியாகச் சாத்தவில்லை. முதலில் பெரியம்மாவின் குரல் கேட்டது.

"என்னடி, எம்.பி.யைக் காணேல்லை? அவர் வாறார் எண்டெல்லோ ஊரெல்லாம் சொன்னனீ."

பூ வைத்த கையைப் பிடித்து நிறுத்தினேன். பன்னீர்ச் செம்பின் மணம் வந்தது. பிறகு அம்மாவின் குரல், மற்றவர்களுக்கும் கேட்கட்டும் என்பது போல உரக்கவே வந்தது.

"அவர் வரேல்லை, அக்கா. நான் வந்திருக்கிறன். முந்தி நானும் இது வேண்டாம் எண்டு நிண்டனான்தான், கையும் தட்டினனான். இப்ப மனம் மாறி நிக்கிறன். முன்வரிசையில அவருக்கெண்டு வச்ச கதிரை சும்மா கிடக்கு. போய் இருங்கோ."