வாயில் வராத பேர்

இலங்கை மலையகத்தில், நோர்வூட்டுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் சண்முகவடிவு கொழுந்து பறித்தாள். வாயாடி என்றால் அப்படியொரு வாயாடி. கங்காணியையே மலையில் வைத்துக் கிண்டல் பண்ணுவாள். புருஷன் பேரை மட்டும் சொல்லமாட்டாள். அவன் பேர் கந்தப்பன். அதனால் சாமியைக்கூட "கந்தா" என்று கும்பிட்டதில்லை, "முருகா"தான்.

சங்கத்தில் சேர்ந்து துரையை எதிர்த்துப் பேசினான் என்று ஐம்பத்தாறில் கந்தப்பனுக்குப் பத்துச்சீட்டைக் கொடுத்து வேலையை விட்டு நிறுத்தினார்கள். அதோடு விட்டார்களா? புருஷனை நிறுத்தினால் பெண்சாதியையும் நிறுத்தணுமாம், குடியிருக்கிற லயத்துக் காம்பராவும் போயிடுமாம். குடும்பம் பிரியக்கூடாதே என்று வெள்ளைக்காரன் இரக்கப்பட்டு எழுதின சட்டமாம் அது! நாசமாய்ப் போன இரக்கம். அவன் கொடி இறங்கியாச்சு, சட்டம் இறங்கவில்லை. வந்த சுதந்திரமோ, இந்தத் தோட்டத்து ஜனங்களுக்கு ஓட்டும் இல்லை, நாடும் இல்லை என்றுவிட்டது. கைக்குழந்தைக்கு நெஞ்செல்லாம் சளி. வெளியே ஆடி மழை. எங்கே போவாள்?

சங்கத் தலைவர் அழகுமுத்து ஒரு வழி சொன்னார். "ஒங்க கல்யாணம் பதிவாகலயே தாயி. அவன் ஒன் புருஷன் இல்லன்னு சொல்லிடு. வேலையும் காம்பராவும் தப்பும்."

அவளுக்குக் கை வரவில்லை. கந்தப்பனே தாலியைக் கழற்றி அரிசிப் பானைக்குள் போட்டான். "புள்ளைக்காகத்தான்டி" என்றான். இரண்டு பேரும் அழுதார்கள்.

காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கிற பெரட்டுக் களத்தில், எல்லா ஆட்களுக்கும் முன்னால், துரை நின்றார். பக்கத்தில் மலை வேலையை மேய்க்கிற உத்தியோகஸ்தர், கண்டாக்கு.

"இந்த ஆளு ஒனக்கு யாரு?" கண்டாக்கு கேட்டார்.

"ஒண்ட வந்த ஆளுங்க. ஒட்டும் இல்ல, ஒறவும் இல்ல." குரல் நடுங்கவே இல்லை.

கண்டாக்கும் தமிழன்தானே, படுபாவி! சிரித்துக்கொண்டே, "அப்ப அவன் பேரச் சொல்லு பாப்போம்" என்றார்.

சண்முகவடிவு வாயைத் திறந்தாள். "க..." அதற்கு மேல் வரவில்லை. பிள்ளையை நினைத்தாள், மறுபடியும் திறந்தாள். ஊகூம். முந்தானை தானாக வாய்க்குப் போனது, தலை குனிந்தது. அங்கே நின்ற ஆட்களுக்கு அது போதும். துரைக்கு மட்டும் கண்டாக்கு இங்கிலீசில் சொன்னார்.

சாயங்காலம் சட்டி பானையெல்லாம் ரோட்டில் நனைந்தன. பிள்ளையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு கந்தப்பன், "ஒரு தடவ சொல்லித் தொலைச்சிருக்கக் கூடாதாடி?" என்றான்.

அவள் பூட்டின காம்பராவைப் பார்த்தாள்.

"கந்தப்பன்! கந்தப்பன்! கந்தப்பன்!"

தொண்டை கிழியக் கத்தினாள். லயத்தில் ஒரு கதவும் திறக்கவில்லை.