சொக்லேற் மோதகமும் கார்த் திறப்பும்

பதின்மூன்று வயதில் பிள்ளைகள் அம்மாவோடு பேரம் பேசும். என் மகள் பிள்ளையாரோடு பேசிவிட்டாள்.

கார் லைசன்ஸ் டெஸ்ற்றில் நான் இரண்டு தரம் கோட்டை விட்டிருந்தேன். இரண்டு தரமும் காரைப் பின்னுக்கு எடுக்கிற இடத்தில்தான். முன்னுக்கு ஓடுவதென்றால் என்னை அடிக்க ஆளில்லை. றிவேர்ஸ் போட்டால் மட்டும் எனக்கு வலது இடதாகிவிடும், நட்டு வைத்த கம்புகள் தாமாக நடந்து வந்து காரில் முட்டும். மூன்றாம் தரம் போவதற்கு முதல் நாள், எங்கள் வீட்டு ஒழுங்கை றோட்டில் ஏறுகிற முகப்பில் இருக்கும் பிள்ளையாரிடம் போய், அம்மா பாஸ் பண்ணினால் நூற்றெட்டு மோதகம் படைப்பதாக மகள் நேர்ந்துவிட்டு வந்தாள். அதோடு நிறுத்தியிருந்தால் கட்டிப்பிடித்துக் கொஞ்சியிருப்பேன். சொக்லேற் மோதகம் என்று நேர்ந்திருக்கிறாள். படைத்ததெல்லாம் வீட்டுக்குத்தானே திரும்பி வரும் என்ற கணக்கு. எனக்கு வாய்த்தது அப்படி.

மூன்றாம் தரம் நான் பாஸ் பண்ணிவிட்டேன். எப்படி என்று கேட்காதீர்கள், எனக்கே தெரியாது. வீட்டுக்கு வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல், காரின் திறப்பைத் தாருங்கள் என்று கணவரிடம் கையை நீட்டினேன். மருதனார்மடம் சந்தைக்கு ஒரு நாளாவது நானே கார் ஓடிப் போக வேண்டும் என்பது என் கனவு. அவரோடு போவதென்றால் சைக்கிள்காரர்கள் எங்களை முந்திக்கொண்டு போவார்கள். அதில் தெரிந்தவர் ஒருவர் இருந்தால் இவர் காரை ஓரங்கட்டிக் கதைக்கத் தொடங்குவார். நாங்கள் சந்தைக்குப் போய்ச் சேரும்போது நல்ல கத்தரிக்காயெல்லாம் வேறு வீடுகளில் குழம்பாகியிருக்கும்.

மனிசன் திறப்பைத் தரவில்லை. வளையத்தோடு வேட்டி மடியில் செருகிக்கொண்டார்.

"நேர்த்திக்கடனை வைச்சுக்கொண்டு றோட்டிலை இறங்கக் கூடாது. முதல் பிள்ளையாற்றை அலுவலை முடிச்சுவிடும்" என்றார்.

எனக்கு ஏறிய கோபத்தில் அன்றைக்கே அரிசி மாவை வறுத்துவிட்டேன்.

சொக்லேற் கட்டியைத் துண்டு துண்டாக வெட்டி, குழைத்த மாவுக்குள் வைத்து மூடி அவித்தேன். பானை மேல் வைத்த ஓலை நீற்றுப்பெட்டியைத் திறந்தால் உள்ளே வெறும் கோதுகள். சொக்லேற் முழுவதும் உருகி, மாவை மூடிய வெடிப்பைத் தேடிப் பிடித்து வெளியே வந்து, ஓலையெல்லாம் வழிந்து, கீழே பானைத் தண்ணீரில் கலந்துவிட்டது. குசினி வாசலில் நின்று எட்டிப் பார்த்த கணவர், பிள்ளையாருக்கு வயிற்றாலை போனது போலக் கிடக்கிறது என்று சொல்லிவிட்டு, சொன்ன பயத்தில் தன் கன்னத்தில் தானே போட்டுக்கொண்டார். மகள் ஓலையை விரலால் வழித்து நக்கிக்கொண்டிருந்தாள். சொக்லேற்றைப் பிறிட்ஜில் வைத்துக் கல்லாக்கிவிட்டு மறுபடி செய்தேன். இந்தத் தரம் மோதகம் வெடித்து வாயைப் பிளந்தது.

பிறகுதான் புத்தி வந்தது. கட்டி எதற்கு? வழக்கமாக மோதகத்துக்கு வைக்கிற அவித்த பயறு, தேங்காய்ப்பூ, சர்க்கரைக்குள்ளேயே கொக்கோத்தூளைக் கொட்டிப் பிசைந்தேன். பிடித்த பிடியில் நின்றது. அவித்தேன், ஒழுகவில்லை. மகள் ஒன்றைத் தின்றுவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு, இன்னும் ஒன்று தின்றால்தான் சொல்ல முடியும் என்றாள். ஐந்து தின்ற பிறகு சரி என்றாள். வெள்ளிக்கிழமை பின்னேரப் பூசைக்குப் படைப்பதென்று முடிவாயிற்று. சனிக்கிழமை நான் சந்தைக்குக் கார் ஓடுவதென்று எனக்குள் முடிவாயிற்று.

புதன்கிழமை தடிமன் பிடித்துவிட்டது. மூக்கு இரண்டும் சிமெந்து வைத்துப் பூசியது போல. கொத்தமல்லி, காய்ந்த இஞ்சி வேர்க்கொம்பு, மிளகு எல்லாவற்றையும் கோப்பிக் கொட்டையோடு கறுக்க வறுத்து, மல்லிக்கோப்பித் தூள் இடித்து, பால்மா முடிந்த ஒரு வெறும் ரின்னில் போட்டு மூடி வைத்தேன். எங்கள் வீட்டில் எல்லாமே பால்மா ரின்னில்தான் இருக்கும். சீனி, பயறு, ஊசி நூல், எல்லாம். கொக்கோத்தூளும் அப்படி ஒரு ரின்னில்தான் இருந்தது. இரண்டும் பக்கத்தில் பக்கத்தில், இரட்டைப் பிள்ளைகள் மாதிரி.

வெள்ளிக்கிழமை தலைக்கு முழுகினேன். தடிமனோடு முழுகாதையும் என்று கணவர் சொன்னார். பிள்ளையாற்றை அலுவலை முடிக்கச் சொன்னது நீங்கள்தானே என்று வாயை அடைத்தேன். படையலுக்குச் செய்கிற எதையும் வாயில் வைத்துப் பார்க்கக் கூடாது, மணந்தும் பார்க்கக் கூடாது. சாமிக்கு முந்தி நாங்கள் ருசி பார்த்தால் அது எச்சில். நுனி நாக்கில் தொட்டு உப்புப் பார்க்கிற பெண்கள்கூட அன்றைக்குக் கையைக் கட்டிக்கொண்டுதான் சமைப்பார்கள். மகளைக் குசினிப் படி தாண்ட விடவில்லை. நான் வாயில் வைக்கவில்லை. மணக்க நினைத்திருந்தாலும் என் மூக்கு விட்டிருக்காது. அவ்வளவு ஆசாரமாக நான் ஒருநாளும் சமைத்ததில்லை.

நிறம் முந்தினதைவிடக் கறுப்பாக வந்தது. கொக்கோ தாராளம் என்று பூரித்துப்போனேன்.

நூற்றெட்டு மோதகப் பாரத்தோடு நடக்க முடியாதென்று கோயிலுக்குக் காரில் போனோம். கணவர்தான் ஓடினார், வேறு யார். மடியில் மோதகப் பாத்திரத்தை வைத்துக்கொண்டு நான் இடது பக்கம். காருக்குள் மல்லிக்கோப்பி மணக்கிறது என்று மகள் பின்னால் இருந்து சொன்னாள். இரண்டு நாளாக அம்மா அதைத்தானே குடிக்கிறா என்று கணவர் சொன்னார். நானும் தலையாட்டினேன்.

பூசை நன்றாக நடந்தது. ஐயர் மோதகத்தைப் படைத்து, தீபம் காட்டி, மணி அடித்து, பாத்திரத்தைத் திருப்பித் தந்தார். பிள்ளையாரைப் பார்த்து, கடன் முடிந்தது ராசா என்று மனதுக்குள் சொன்னேன். மகள் பொறுக்க மாட்டாமல் ஒன்றை எடுத்துக் கடித்தாள். கடித்தவள் மெல்லவில்லை.

"அம்மா, இது சொக்லேற் இல்லை. மல்லிக்கோப்பி."

நான் ஒன்றை வாயில் போட்டேன். மிளகு தொண்டையில் ஏறி, வேர்க்கொம்பு நெற்றியில் நின்று, மூன்று நாளாக அடைத்திருந்த மூக்கு படாரென்று திறந்தது. திறந்த மூக்கில் முதலில் ஏறியது என் மோதகத்தின் மணம்தான். கோயில் முழுக்கக் கோப்பிக்கடை மணம். ஐயோ என்று நெற்றியில் அடித்துக்கொண்டேன்.

கணவரின் முகத்தைப் பார்க்க வேண்டும். துக்கம் விசாரிக்கிற முகத்தோடு, ஆனால் கண் மட்டும் சிரித்தபடி, தன் வேட்டி மடியை ஒரு தரம் தட்டிக் காட்டினார். திறப்பு அங்கேதான் இருந்தது. நேர்ந்தது சொக்லேற், கொடுத்தது கோப்பி, ஆகவே நேர்த்தி முடியவில்லை என்றார். இனி அடுத்த வெள்ளியோ அதற்கடுத்த வெள்ளியோ பார்க்கலாமாம். அவசரமில்லையாம். எனக்கு அழுகை வந்தது. மூன்று தரம் டெஸ்ற்றுக்குப் போய், நூற்றெட்டு மோதகம் பிடித்து, கடைசியில் ஒரு பால்மா ரின் என்னைத் திரும்ப இடது பக்கச் சீற்றில் இருத்திவிட்டதே என்று ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

அப்போதுதான் ஐயர், நல்ல மனதோடு, கணவரிடம் வந்தார்.

"டெஸ்ற் அண்டைக்கு விடியவெள்ளன வந்து நேர்ந்தனீங்கள் எல்லோ, காரியம் சரிவந்தால் பதினொரு தேங்காய் அடிக்கிறன் எண்டு. இப்ப அம்மா பாஸ் பண்ணியிட்டா. தேங்காயை எப்ப அடிக்கிறியள்?"

எனக்கு நெஞ்சு உருகிவிட்டது. இந்த மனிசன் எனக்காக விடியவெள்ளன எழும்பி வந்து நேர்ந்திருக்கிறார், நான் அவரைப் போய் மனதுக்குள் எத்தனை பேச்சுப் பேசிவிட்டேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு அவரைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. கோயில் தரையைப் பார்த்தார்.

"ஐயா, அந்தக் காரியம் சரிவரேல்லை" என்றார்.

முதலில் விளங்கியது மகளுக்கு. வாயைப் பொத்திக்கொண்டு தூணுக்குப் பின்னால் போய்விட்டாள். பிறகு ஐயருக்கு விளங்கியது. நன்றாக எரிந்துகொண்டிருந்த விளக்கின் திரியைத் தூண்டப் போனார். எனக்குக் கடைசியாகத்தான் விளங்கியது. நான் பெயிலாக வேண்டும் என்று பதினொரு தேங்காய்! மேல்சட்டையும் இல்லாமல், மார்பு நிறையத் திருநீற்றோடு, ஒளிய இடமில்லாமல் நின்றார் மனிசன்.

நான் கையை நீட்டினேன். மடி அவிழ்ந்தது, திறப்பு வந்தது.

காரில் அவர் இடது பக்கம் ஏறினார். பாத்திரம் இப்போது அவர் மடியில். ஒரு மோதகத்தை எடுத்து, கடிக்காமல், அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நீர் கார் ஓடத் துவங்கினால் பிறகு என்னை ஆர் தேடப்போயினம்?" என்றார்.

கோபம் எனக்குப் போகவில்லை. ஆனால் பாவமாகவும் இருந்தது. சந்தைக்குப் போகும் அந்த ஆமை ஓட்டத்தில்தான் நாங்கள் இரண்டு பேரும் கதைக்கிற கதையெல்லாம் கதைத்திருக்கிறோம் என்பது அப்போதுதான் உறைத்தது. உங்களை வீட்டில் விட்டுவிட்டுப் போனால் மரக்கறிப் பையை யார் தூக்குவது என்று கேட்டேன். அவர் மோதகத்தைக் கடித்தார்.

கோயில் வாசலில் திரும்ப இடமில்லை. பின்னுக்குத்தான் எடுக்க வேண்டும். பின்னால் ஒரு பக்கம் மதில், மறு பக்கம் தேங்காய் அடிக்கிற கல். றிவேர்ஸ் போட்டேன். பக்கத்தில் முணுமுணுப்புக் கேட்டது. திரும்பிப் பார்த்தால், மனிசன் கண்ணை இறுக மூடிக்கொண்டு கை கூப்பியிருந்தார்.

"இப்ப என்ன நேருறியள்?"

"தேங்காய்தான்."

"இந்த முறை எந்தப் பக்கம்?"

"உம்மடை பக்கம்தான். மதிலைப் பார்த்து எடும்."

சனிக்கிழமை மருதனார்மடம் சந்தைக்குத் தேங்காய் வாங்க நான்தான் கார் ஓடினேன்.