சாமிக்கு ஐ.சி. நம்பர் எதுக்கு?

அமராவதியக்கா பள்ளி வேன் ஓட்டுகிறவர். அவர் ஹார்ன் அடித்தால் கோலா சிலாங்கூரில் எங்கள் தாமான் குடியிருப்பு முழுக்கக் கேட்கும். குரல் அதைவிடக் கேட்கும். அந்தக் குரலுக்கு நான் ஆயுசுக்கும் நன்றி சொல்ல வேண்டும்.

பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வது என் பிழைப்பு. பள்ளி விட்டதும் அக்காவின் வேன் அவர்களை என் வீட்டில் இறக்கிவிடும். 2022-இல் எனக்குக் கொவிட் வந்தது. பெற்றோருக்கு நானே சொன்னேன். "நல்லானதும் அனுப்புறோம்" என்றார்கள். கோயில் செயலாளர் சேது அண்ணன் என் எதிர்வீட்டுக்காரர். அவருக்கும் கிளினிக் ரிசல்ட்டைப் படமெடுத்து அனுப்பி, ஓர் அர்ச்சனை செய்யச் சொன்னேன்.

அவர் நல்ல மனுஷர். நல்ல மனுஷர்கள்தான் சில நேரம் ஆளைக் கவிழ்த்துவிடுவார்கள்! 'சகோதரி விமலா நலம்பெறப் பிரார்த்திப்போம்' என்று எழுதி, அந்தப் படத்தை அப்படியே கோயில் வாட்சாப் குழுவில் போட்டுவிட்டார். பேர், ஐ.சி. என்கிற அடையாள அட்டை நம்பர், முகவரி, போன் நம்பர் எல்லாம் அதில் இருந்தன. படம் பாகான் நக்கோடா ஓமார் ஊர்வரை போய், அங்கிருந்து நாத்தனார் அழுதுகொண்டே கூப்பிட்டாள். எவனோ ஒருவன் என் ஐ.சி. நம்பரையே ஒப்பித்து, வங்கி விவரம் கேட்டான். பிறகு ஒரு தாய், "ஊரே பேசுதுக்கா, இனிமே பிள்ளைய அனுப்பல" என்றாள். அடுத்து இன்னொருத்தி.

அப்போது எதிர்வீட்டு வாசலில் அக்காவின் குரல் கேட்டது.

"அண்ணே, அர்ச்சனைக்கு ஐயரு என்ன கேப்பாரு?"

"பேரு, நட்சத்திரம்."

"அப்ப சாமிக்கு ஐ.சி. நம்பர் எதுக்கு?"

சேது அண்ணன் அங்கேயே நின்று படத்தை அழித்தார். பாவம், அவருக்குக் கண் கலங்கிவிட்டது. அக்கா அதோடு விடவில்லை. குழுவில் இருந்த ஒவ்வொருவரையும் கூப்பிட்டு, சேமித்ததையும் அனுப்பியதையும் அழிக்கச் சொன்னார். "அவ உடம்பு அவ விஷயம்லா. யாருக்குத் தெரியணுமோ அவளே சொல்லுவா." நான் குணமானதும் வேனிலிருந்து முதலில் இறங்கியது அக்காவின் சொந்த மகள். அதைப் பார்த்த பிறகு மற்றப் பிள்ளைகளும் ஒவ்வொருவராக வந்தார்கள். என் அடுப்பு அணையாமல் எரிந்தது அக்காவால்தான்.

அன்றிலிருந்து எங்கள் குழுவில் யாருக்கு நோய் வந்தாலும் நட்சத்திரம் மட்டும்தான் போடுகிறோம். யாரென்று ஒருவரும் கேட்பதில்லை.

போன மாதம் சேது அண்ணன் எழுதியிருந்தார்: 'அனுஷ நட்சத்திர அன்பர் ஒருவர் நலம்பெற வேண்டுவோம்.' மறுநாள் வேனை வேறு யாரோ ஓட்டிவந்தார்கள். அக்காவின் பிறந்தநாளுக்கு வருடாவருடம் அர்ச்சனை செய்கிறவள் நான். எனக்கா நட்சத்திரம் தெரியாது? யாரிடமும் வாய் திறக்கவில்லை. ரசம் வைத்து அவர் வீட்டுக் கேட்டில் மாட்டிவிட்டு, நேரே கோயிலுக்குப் போனேன்.

ஐயர் தட்டை வாங்கிக்கொண்டு, "பேரு?" என்றார்.

"அனுஷம் மட்டும் சொல்லுங்க ஐயரே," என்றேன். "யாருன்னு சாமிக்குத் தெரியும்."