மாமன் இன்னும் பாறையில்தான்

எனக்குப் பொறுமை கிடையாது. செண்பகனூரில் தையல் கடை வைத்திருக்கிறேன். ரவிக்கை தைக்கக் கொடுத்துவிட்டு மறுநாளே வந்து நிற்பவர்களிடம் எரிந்து விழுந்து பழகிய வாய். அப்படிப்பட்டவளை அடுக்கம் பக்கத்துப் பளியர் பழங்குடிக் குடியிருப்பில் பெரியவர்களுக்கு எழுத்துச் சொல்லித்தரப் போகவைத்தது எந்த நேரமோ தெரியவில்லை. எழுத்தறிவுத் திட்டத்துக்குத் தன்னார்வலர் வேண்டும் என்றார்கள், கையைத் தூக்கிவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் வகுப்பு. மற்ற நாளெல்லாம் அவர்களுக்குக் காப்பித் தோட்டத்தில் சோலி இருக்கும்.

பன்னிரண்டு பேர் வந்தார்கள். ஒருத்தரைத் தனியாக எழுப்பிக் கரும்பலகையில் எழுதச் சொன்னால் எழுந்திருக்க மாட்டார்கள். "நீங்க நல்லா எழுதுறீங்க" என்று ஒருவரைப் பாராட்டினால் போச்சு, அன்று முழுக்க அவர் பலப்பத்தைத் தொட மாட்டார். நாலு பேராகக் கூப்பிட்டால் பத்துப் பேர் எழுந்து வருவார்கள். தலையைப் பிய்த்துக்கொள்ளலாம் போலிருக்கும். ஆனாலும் ஞாயிறு வந்தால் முதல் பஸ்ஸுக்கு நான்தான் முதல் ஆள். அந்த வகுப்பில் சிரித்த மாதிரி நான் என் வீட்டில்கூடச் சிரித்ததில்லை.

அவர்களில் ஒருத்திக்கு மட்டும் அவசரம் இருந்தது. முப்பத்தைந்து வயதிருக்கும், இரண்டு பிள்ளைகள். குடியிருப்புப் பள்ளிக்கூடத்தில் சத்துணவு சமையல் உதவியாளர் வேலை காலியாக இருந்தது. பழங்குடியினருக்கு எழுதப் படிக்கத் தெரிந்தால் போதும் என்றார்கள். எங்கள் பரீட்சையில் தேறிய சான்றிதழ் இருந்தால் தைரியமாக மனுப் போடலாம். "நம்ம பிள்ளைகளுக்கு நம்ம கையால ஆக்கிப் போடணும் டீச்சர்" என்பாள். விறகு சுமந்து வரும்போதுகூட அவள் உதடு எழுத்துக் கூட்டிக்கொண்டிருக்கும்.

பரீட்சை நடத்த ஓர் அலுவலர் ஜீப்பில் வந்தார். நல்ல மனுஷர்தான், ஆனால் ஒரு மணிக்கு அவர் இன்னொரு ஊரில் இருக்க வேண்டும். பன்னிரண்டரைக்குள் தாளைத் தராதவர்களை வராதவர் என்றே குறித்துவிடுவேன் என்று முதலிலேயே சொல்லிவிட்டார்.

அவள் பதினொன்றரைக்கே முடித்துவிட்டாள். ஆனால் கொடுக்கவில்லை. தாளை மடியில் வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தாள். மற்றவர்களும் ஒவ்வொருவராக முடித்தார்கள், யாரும் எழுந்திருக்கவில்லை. பன்னிரண்டு இருபதுக்குப் பதினொரு பேரும் உட்கார்ந்து ஒரே ஆளைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் அவளுக்கு மாமன் முறை, மலையில் தேன் எடுப்பவர். தலை நிமிராமல் எழுதிக்கொண்டே இருந்தார்.

எனக்குப் பொறுக்கவில்லை. அவள் பக்கத்தில் குனிந்து, "கிறுக்கா புடிச்சிருக்கு உனக்கு? வெரசா குடு, வேலை கைவிட்டுப் போயிரும்" என்றேன்.

அவள் கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு நின்றது. "தெரியும் டீச்சர். ஆனா மாமன் இன்னும் பாறையிலதான இருக்காரு?"

தேனுக்குப் போனால் ஒருவர் கொடியைப் பிடித்துக்கொண்டு பாறையில் இறங்குவார். அவர் திரும்ப ஏறி வரும்வரை மேலே இருப்பவர்கள் இடத்தை விட்டு அசைய மாட்டார்கள். அது எனக்குத் தெரியும். பரீட்சைக்கும் அதேதான் சட்டம் என்பது தெரியாது.

அவளை விட்டுவிட்டு மாமன் மேல் பாய்ந்தேன். "என்னண்ணே, இம்புட்டு நேரமா என்னத்த எழுதுறீங்க?"

அவர் நிதானமாக நிமிர்ந்தார். "இன்னொரு தாளு கெடைக்குமாங்க?"

கடைசிக் கேள்வி, உங்கள் ஊரைப் பற்றி ஐந்து வரி எழுதுக என்பது. ஐந்து வரியில் அவர் தன் வீட்டு வாசலைக்கூடத் தாண்டியிருக்க மாட்டார். தாளை வாங்கிக்கொள்ளக் கை நீட்டிய அலுவலர், நின்றபடியே வாசிக்க ஆரம்பித்தார். எந்தப் பாறையில் எந்த மாதம் தேன், எந்தப் பூவின் தேன் கசக்கும், கரடியைக் கண்டு ஓடியபோது வேட்டி எந்த முள்ளில் மாட்டியது, எல்லாம் அதில் இருந்தது. வேட்டி வந்த இடத்தில் அலுவலர் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்.

"வேட்டி கெடைச்சுதா இல்லியா?"

"அத எழுதத்தாங்க தாளு கேட்டேன்."

அலுவலர் தன் நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்துக் கொடுத்தார். அடுத்த ஊருக்குப் போன் போட்டு, வரத் தாமதமாகும் என்றார். ஒரு மணிக்கு மாமன் பேனாவை மூடினார். பன்னிரண்டு பேரும் ஒன்றாக எழுந்து போய்த் தாளைக் கொடுத்தார்கள். எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்தே வந்தன. அத்தனை பேரும் தேறினார்கள்.

சில மாதம் கழித்து ஒரு நாள் வெள்ளனே அவள் என் கடைக்கு வந்தாள். கையில் அரசு முத்திரை போட்ட காகிதம். எட்டி வாங்கப் போனேன். அவள் கையைப் பின்னால் இழுத்துக்கொண்டாள்.

"இருங்க டீச்சர், நான் வாசிக்கிறேன்."

அனுப்புநரில் தொடங்கி, கடித எண், தேதி என்று ஓர் எழுத்து விடாமல் கூட்டிக் கூட்டி வாசித்தாள். ரவிக்கைக்குக் காத்திருந்த இரண்டு பேர், "அக்கா, நேரமாகுது" என்று முணுமுணுத்தார்கள்.

"செத்த சும்மா இருங்க" என்று அதட்டினேன். "இனிமேத்தான் அவ பேரு வருது."