இன்னும் எழுதவில்லை

ஜெர்மனியின் ஆஹென் நகரில் நான் வேலை பார்த்த அலுவலகத்தில், நிரலில் நாங்கள் செய்யும் ஒவ்வொரு மாற்றத்தையும் சேர்த்து வைக்கும் சர்வர், ஒரு யாழ்ப்பாணப் பெண்ணின் பொறுப்பில் இருந்தது. ஒல்லியான உருவம், கோடையிலும் கழற்றாத சாம்பல் நிற ஸ்வெட்டர். எதைச் சேமித்தாலும், முடிந்தது என்று மேசையிலிருந்த பருத்த மானிட்டர் சொல்லும்வரை கைகளை மடியில் வைத்துக்கொண்டு காத்திருப்பார்.

அந்தக் காத்திருப்புதான் எங்களுக்கு எரிச்சல். மாற்றம் டிஸ்க்கில் உண்மையிலேயே பதிந்த பிறகே சர்வர் பதில் சொல்லும். ஆரம்பத்திலிருந்தே அப்படித்தான் அமைத்திருந்தார். அதை எடுத்துவிட்டால் வேகமாக இருக்கும் என்று நச்சரித்தோம். மறுபேச்சில்லாமல் எடுத்துவிட்டார்.

மறுநாள் சர்வர் பறந்தது. ஆனால் 'சேமித்தாயிற்று' என்று வரும் இடத்தில், 'வந்து சேர்ந்தது, இன்னும் எழுதவில்லை' என்று வந்தது. அதைப் பார்த்துவிட்டு ஒருவருக்கும் நிம்மதியாக வீட்டுக்குப் போக முடியவில்லை.

"ஏங்க, பழையபடி 'சேமித்தாயிற்று'ன்னே போடக் கூடாதா? எழுதறதுக்குள்ள கரண்ட் போனாத்தானே ஆபத்து. இங்க எங்க போகுது?" என்றேன்.

"வேகம் வேணுமெண்டால் தாறன். எழுதாததை எழுதியாச்செண்டு சொல்ல ஏலாது."

பிறகு திரையைப் பார்த்தபடியே சொன்னார்: "சண்டை நேரம், என்ர அண்ணை பத்திரமா இருக்கிறார் எண்டு ஆக்கள் எங்களுக்கு ஒருக்காச் சொன்னவை. போய்ப் பார்க்காமலே சொன்னவை."

அந்த வாரமே பழைய அமைப்பைத் திரும்பக் கேட்டு வாங்கிக்கொண்டோம். இப்போதும் ஏதாவது ஒரு திரை 'சேமித்தாயிற்று' என்றால், போய்ப் பார்த்தது யார் என்று அதனிடம் கேட்கத் தோன்றுகிறது.